நகைநாடகமும் நடுவர் தீர்ப்பும்

மக்கட்கு இயல்பாய் அமைந்த உணர்ச்சிகளுள் நகையைப்போல் எளிதில் தோன்றுவது பிறிதொன்றில்லை. அதனைப்போல் ஆராய்தற்கு அரியதும் பிறிதொன்றில்லை. அழுகின்றவனை அணுகி, 'ஏன் அழுகின்றாய்?' என வினவின், அவன் தன் துயரைக் கூறுவான். நகைக்கின்றவனை அணுகி, 'ஏன் நகைக்கின்றாய்?' என வினவின், அவன் மீண்டும் ஒருமுறை நகைப்பானேயன்றி விடை பகரான். விடை அவனுக்கே தெரியாது. பல நேரங்களில் தெரிந்துகொள்ள அவன் விரும்புவதும் இல்லை. இங்ஙனம் காரணம் மறைந்து நிற்கும் ஓர் உணர்ச்சியை எழுப்புதற்கென்றே இயற்றப்படும் நாடகத்தை மதிப்பிடப் புகுவார்க்கு எத்துணைப் பொறுப்பு உண்டென்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்காலத்தே தொலைக்காட்சியில் ஒரு புதிய குடும்ப நகைத்தொடர் தோன்றுமாயின், முதற்பகுதி முடிந்த மறுநாள் விடியலிலேயே தீர்ப்புகள் வெளிவந்துவிடுகின்றன. ஒருசாரார், 'இல்லத்தார் அனைவரும் ஒருங்கிருந்து காணத்தக்கது' என்பர். மற்றொருசாரார், 'இல்லத்துக்குள் விடத்தகாதது' என்பர். இருசாராரும் நோக்குவது நாடகத்தை மட்டுமே. நடிப்பு எத்தகையது, உரையாடல் எத்தகையது, ஆபாசம் உண்டா இல்லையா என்பனவே அவர்தம் ஆராய்ச்சி. இவையும் வேண்டற்பாலனவே. ஆயினும், 'இந்நாடகத்தைக் கண்டு நகைப்பவர் யார்? நகைக்கப்படுபவர் யார்?' என்னும் வினாவை எழுப்புவார் மிகச் சிலர். இவ்வினாவுக்கு விடை காணாது கூறும் தீர்ப்பு, சான்று கேளாமற் கூறிய தீர்ப்பேயாம் என்பது என் துணிபு.

இத்துணிபை நிலைநாட்ட, நேற்றுத் தோன்றிய தொடர் ஒன்றை எடுத்துக்கொள்வேனாயின், அதன் வழக்கு இன்னும் மன்றில் நிற்கின்றது; சான்றுகள் வந்து சேரவில்லை. ஆகலின், புதியதாய்த் தோன்றிய காலத்துப் பெரும்பூசல் விளைத்து, இன்று சான்றுகள் அனைத்தும் நம் முன் கிடக்கும் பழைய தொடர் ஒன்றனை எடுத்துக்கொள்கின்றேன். அஃது 1971 முதல் 1979 வரை அமெரிக்க நாட்டுத் தொலைக்காட்சியில் நடைபெற்ற 'ஆல் இன் த ஃபேமிலி' என்பது. 'எல்லாம் குடும்பத்துக்குள்ளே' என்று அப்பெயரைத் தமிழிற் கூறலாம்.

அத்தொடரின் புதுமையை உணர்தற்கு, அதற்கு முன்னிருந்த நிலையைச் சிறிது அறிதல் வேண்டும். 1954-இல் தொடங்கிய 'ஃபாதர் நோஸ் பெஸ்ட்', 1957-இல் தொடங்கிய 'லீவ் இட் டு பீவர்' முதலிய தொடர்களில் வந்த இல்லங்கள் மிகத் தூய்மையானவை. தந்தை அறிவுடையவர், தாய் பொறுமையுடையவர், மக்கள் செய்யும் பிழை அரைமணி நேரத்திற்குள் திருத்தம் பெறும். நாட்டின் துன்பம் ஒன்றும் அவ்வில்லங்களின் கதவைத் தட்டியதில்லை. கறுப்பின மக்கள் தம் உரிமைக்காகப் போராடிய ஆண்டுகளிலும், வியட்நாம் போரில் இளைஞர் மடிந்த ஆண்டுகளிலும், நகைத்தொடர்கள் பெரும்பாலும் அவற்றை அறியாதன போலவே நடந்து சென்றன.

அக்கதவைத் திறந்தவர் நார்மன் லியர் என்பவர். திறவுகோல் இங்கிலாந்திலிருந்து கிடைத்தது. அங்கே ஜானி ஸ்பெய்ட் என்பார் எழுதிய 'டில் டெத் அஸ் டூ பார்ட்' என்னும் தொடரை பி.பி.சி. நிறுவனம் 1966 முதல் ஒளிபரப்பி வந்தது. கிழக்கு லண்டனில் வாழும் ஆல்ஃப் கார்னெட் என்னும் தொழிலாளி, வேற்றினத்தாரையும் தன் மருமகனையும் நாள்தோறும் வைது தீர்ப்பதே அதன் கதை. அதனைப்பற்றி அறிந்த லியர், அவ்வசைமொழிகளில் தம் சொந்தத் தந்தையின் குரலைக் கேட்டார். தந்தை தம்மை வைத சொற்களையும், தாயை நோக்கி 'வாயை அடக்கு' என்று அதட்டிய சொல்லையும் நினைவிற்கொண்டு, அமெரிக்க மண்ணுக்கேற்ற தொடர் ஒன்றை அமைத்தார். ஏ.பி.சி. நிறுவனம் அதன் முன்மாதிரியை இருமுறை எடுப்பித்துப் பார்த்து, இருமுறையும் விலக்கிற்று. பின்னர் சி.பி.எஸ். நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

கதை நிகழும் இடம் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியிலுள்ள ஒரு சிறு வீடு. தலைவன் ஆர்ச்சி பங்கர், சரக்கு ஏற்றியிறக்கும் மேடையில் தொழிலாளர்க்கு மேற்பார்வையாளன். கறுப்பின மக்கள், யூதர், பிற நாட்டினின்று குடியேறியோர், பெண்ணுரிமை பேசுவோர் ஆகிய அனைவர்பாலும் அவனுக்கு வெறுப்பு உண்டு. அவ்வெறுப்பை மறைக்கவும் அவன் அறியான். அவன் மனைவி ஈடித், கணவனால் நாள்தோறும் வாயடக்கப்பட்டும் நெஞ்சின் ஈரம் வற்றாதவள். மகள் குளோரியா, மருமகன் மைக்கேல். மைக்கேல் போலந்து வழிவந்தவன், கல்லூரியிற் பயில்பவன், மாமன் வீட்டில் உண்டு உறங்கி, மாமனோடு சமத்துவம் பேசி வாதிடுபவன். ஆர்ச்சியாகக் கேரல் ஓ'கானரும், ஈடித்தாக ஜீன் ஸ்டேப்பிள்டனும் நடித்தனர்.

1971 ஜனவரி 12-ஆம் நாள் செவ்வாய்க்கிழமை இரவு முதற்பகுதி வெளிவந்தது. நாடகம் தொடங்குமுன் திரையில் ஓர் அறிவிப்புத் தோன்றிற்று: நம் குறைபாடுகளையும் தப்பெண்ணங்களையும் நகைப்புக்குரியனவாக்கி, அவை எத்துணைப் பொருந்தாதவை என்பதைக் காட்டலே இத்தொடரின் நோக்கம் என்பது அதன் கருத்து. கண்டனம் கடல்போற் பொங்கும் என அஞ்சிய நிறுவனத்தார், தொலைபேசியில் விடை கூற மிகுதியான பணியாளரை அமர்த்தியிருந்தனர். அஞ்சிய அளவுக்கு எதிர்ப்பு எழவில்லை. முதற்கண் காண்போர் தொகையும் பெரிதாக இல்லை.

நிற்க. நடுவர்கள் கூறிய தீர்ப்பு யாது? தீர்ப்பு ஒன்றன்று, ஒன்றற்கொன்று முரணிய பல. நியூயார்க் டைம்ஸ் இதழ், இனவெறுப்பு நகைப்புக்குரியதா எனத் தலைப்பிலேயே வினவி ஐயுற்றது. லைஃப் இதழில் சைக்ளோப்ஸ் என்னும் புனைபெயருடன் எழுதிய ஜான் லெனார்ட் கடுமையாகச் சாடினார். வெரைட்டி என்னும் இதழோ மகிழ்ந்து வரவேற்றது. கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கு உழைத்த தேசிய நகர்ப்புறக் கழகத்தின் தலைவர் விட்னி யங், அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் மறைவதற்குமுன், இத்தொடரைப் பொறுப்பற்றதெனக் கண்டித்தார். நாட்டின் தலைவராயிருந்த நிக்சனும் இதனை விட்டாரில்லர். அவ்வாண்டு மே மாதம் தம் அலுவலகத்தில் உதவியாளரோடு பேசுங்கால், இத்தொடர் தன்பாலீர்ப்பினரைப் போற்றுகின்றதெனக் குறைகூறிய பேச்சு, அவர் வைத்திருந்த ஒலிப்பதிவுக் கருவியிலேயே பதிந்து கிடக்கின்றது. வெறுப்பை வளர்க்கின்றது என ஒருவர் கண்டிக்க, வெறுக்கத்தக்கவரை உயர்த்துகின்றது என மற்றொருவர் கண்டித்தார். இருவரும் கண்டது ஒரே தொடரையே என்பதை ஈண்டு நினைவிற்கொள்க.

அதே மே மாதத்தில் எம்மி விருதுகள் வழங்கப்பெற்றன. சிறந்த நகைத்தொடர், சிறந்த புதிய தொடர் என்னும் இரு விருதுகளும் இதற்கே கிடைத்தன; ஜீன் ஸ்டேப்பிள்டன் சிறந்த நடிகையெனப் பாராட்டப்பெற்றார். கோடையில் மறு ஒளிபரப்பு நிகழ்ந்தபோது காண்போர் பெருகினர். அவ்வாண்டின் இலையுதிர் காலந்தொடங்கி 1976 வரை, தொடர்ந்து ஐந்து பருவங்களில், அமெரிக்க மக்கள் மிகுதியாய்க் கண்ட தொடர் இதுவே. முதற்கண் இகழ்ந்தோர் தோற்றனர், புகழ்ந்தோர் வென்றனர் என்று எளிதாகக் கூறிவிடலாம் போலத் தோன்றுகின்றதன்றோ? அவ்வாறு கூறுதல் தவறு. காண்போர் தொகை வழக்கைத் தீர்ப்பதில்லை. உண்மையான வழக்கு அப்போதுதான் தொடங்கிற்று.

1971 செப்டம்பரில் லாரா ஹாப்சன் என்னும் நூலாசிரியை நியூயார்க் டைம்ஸில் ஒரு நெடுங்கட்டுரை எழுதினார். யூதவெறுப்பைப் பொருளாகக் கொண்டு 1947-இல் 'ஜென்டில்மேன்ஸ் அக்ரிமென்ட்' என்னும் புதினத்தை எழுதிப் புகழ்பெற்றவர் அவர். அவருடைய முறையீடு இது: வெறுப்பாளன் ஒருவனை அன்புக்குரியவனாகக் காட்டுதல் பொய். ஆர்ச்சி கூறும் வசைச்சொற்கள் மெய்யான வெறுப்பாளர் கூறுவனவற்றினும் மென்மையானவை. நஞ்சின் கசப்பை நீக்கி இனிப்புப் பூசி வீடுதோறும் கொடுத்தலால், உண்பவன் அதனை நஞ்சென உணரான். அடுத்த திங்களில் அவ்விதழிலேயே லியர் மறுமொழி கூறினார். வெறுப்பாளர் எல்லாரும் கொடியோராய் இருப்பரேல் உலகில் இடர் இல்லை. அவர்களை எளிதில் இனங்கண்டு விலக்கிவிடலாம். அவர்கள் நம் தந்தையராகவும் மாமன்மாராகவும், நம்மால் அன்பு செய்யப்படுபவராகவும் இருத்தலன்றோ இடர் என்பது அம்மறுமொழியின் சாரம்.

இவ்விரு கூற்றையும் ஒருங்குவைத்துப் பயின்ற நாளில், எவர் பக்கம் நிற்பதென அறியாது மயங்கினேன். மயக்கந் தெளிவித்தது, வகுப்பிற் பாடமாக ஓதிய தொல்காப்பிய மெய்ப்பாட்டியலே. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கும் தொல்காப்பியர்க்கும் என்ன இயைபு என்று நேயர் வினவலாம். நாடு வேறாயினும் நகை வேறன்று. நகையை ஆராய்ந்தார் எந்நாட்டினராயினும் எக்காலத்தினராயினும் அவர் கூற்றுக் கேட்கத்தக்கதே.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதற்கண் வைத்தார். அது பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கனைக் கூறினார். உரையாசிரியராகிய பேராசிரியர் அந்நான்கனையும் தன்கண் தோன்றுவனவும் பிறர்கண் தோன்றுவனவுமாக இருகூறாக்கிக் காட்டுவர். தான் பிறரை எள்ளுதலானும் நகை பிறக்கும். தான் பிறரால் எள்ளப்படுதலானும் நகை பிறக்கும். பங்கர் குடும்பத்தின் நகை முழுதும் இப்பகுப்பில் அடங்கும். ஆர்ச்சி அயலாரை எள்ளுகின்றான். அது கேட்டு நாம் நகைக்கின்றோம். அங்ஙனம் எள்ளுங்கால் சொற்களைத் திரித்துக் கூறித் தன் அறியாமையைத் தானே வெளிப்படுத்துகின்றான், அதனாலும் நகைக்கின்றோம். முன்னைய நகையில் நாம் ஆர்ச்சியோடு நிற்கின்றோம். பின்னைய நகையில் ஆர்ச்சிக்கு எதிரே நிற்கின்றோம். இரண்டும் ஒரே நொடியில், ஒரே சொல்லாற் பிறத்தலின், தாம் எப்பக்கத்தில் நின்று நகைத்தார் என்பதை நகைத்தவரும் அறியார். அரங்கில் எழுந்த ஒலியைக் கேட்ட நடுவரும் அறியார்.

இன்னுமொன்று. சுவை என்பது சுவைக்கப்படும் பொருளில் மட்டும் இல்லை; பொருளும், அதனை நுகரும் பொறியுணர்வும், மனத்தின்கண் எழும் குறிப்பும், மெய்யிற் புலப்படும் மாறுபாடும் எனப் படிபடியாக நிகழ்வது அஃதென உரைகாரர் விளக்குவர். நடுவர்கள் பொருளை மட்டும் நோக்கினர். மெய்யிற் புலப்படும் சிரிப்பொலியை நிறுவனத்தார் எண்ணினர். இடையே மனத்தின்கண் எழுந்த குறிப்பை நோக்கினார் எவர்?

நோக்கினார் இருவர் பின்னர் வந்தனர். நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் என்னும் உளநூலறிஞர் இருவரும், அமெரிக்க இளைஞரிடத்தும் கனடா நாட்டு வயதுவந்தோரிடத்தும் வினாநிரல் கொடுத்து ஆராய்ந்து, 1974-இல் தம் முடிபுகளை வெளியிட்டனர். தப்பெண்ணம் மிகுந்தவரும் குறைந்தவரும் இத்தொடரை ஏறத்தாழ ஒப்பவே சுவைத்தனர். ஆனால் கண்டது வேறு. தப்பெண்ணம் குறைந்தவர், மாமன் மருமகன் வாதத்தில் ஆர்ச்சி தோற்று நகைப்புக்கு இடமாதலைக் கண்டனர். தப்பெண்ணம் மிகுந்தவரோ, ஆர்ச்சி உள்ளதை உள்ளவாறு கூறுபவன் என்றும், முடிவில் வெல்பவன் அவனே என்றும் கண்டு, அவனைப் போற்றினர். மழைநீர் ஒன்றே, செம்மண்ணில் விழுந்தது சிவந்தது, கரிசலில் விழுந்தது கருத்தது. இங்கிலாந்திலும் இதுவே நிகழ்ந்தது. ஆல்ஃப் கார்னெட்டாக நடித்த வாரன் மிட்செல், வேற்றினத்தாரைத் தாக்கியதற்காகத் தம்மைத் தெருவிற் பாராட்டியவர்க்கு, 'நாங்கள் தாக்கியது உம்மைப் போன்றாரையே' என்னும் கருத்துப்பட விடை கூறியதைப் பிற்காலத்தில் எடுத்துரைத்ததுண்டு. யூதராகப் பிறந்த அவர்க்கு அப்பாராட்டு எத்துணைக் கசந்திருக்கும்!

இதுகாறும் பிறநாட்டுச் செய்தி. இனி, இதனை நான் ஏன் இத்துணை ஆர்வத்தோடு ஆராய்கின்றேன் என்பதைக் கூறாதொழிதல் நேர்மையன்று. நான் பள்ளியிறுதி வகுப்பிற் பயின்றபோது, விடுதி நாள் விழாவுக்கெனக் கால்மணி நேர நகைநாடகம் ஒன்று எழுதினேன். அதன் தலைவர் ஒரு கிழவர். வயலில் உழைத்துக் களைத்து வருவோர்க்கு வீட்டின் பின்முற்றத்துத் தூணருகே தனிக்குவளை வைத்திருப்பவர். அவர்களை இழிசொல்லால் அழைப்பவர். அக்கிழவர் எவரோ அல்லர். என் தந்தையைப் பெற்ற பாட்டனார். என்னை மடியிலிருத்தி எழுத்தறிவித்தவர் அவரே. இழிசொல்லை முதன்முதல் என் செவியிற் புகுத்தியவரும் அவரே. அவரை எள்ளி நகையாடுதலால் அப்பழியைக் கழுவலாம் என எண்ணினேன். அரங்கம் அதிர்ந்தது, ஆசிரியன்மாரும் நகைத்தனர். நான் பெருமிதம் எய்தினேன்.

மறுநாட் காலை உணவுக்கூடத்தில் மாணவர் சிலர், நாடகத்தில் வேலையாளாக நடித்த என் அறைத்தோழனை, என் பாட்டனாரின் குரலிலேயே அவ்விழிசொல்லால் அழைத்தனர். ஒருவன் குவளை ஒன்றை எடுத்து அவன்முன் தனியே தள்ளி வைத்தான். கூடம் நகைத்தது. மெய் கூறுவேனாயின், நானும் ஒரு நொடி நகைத்தேன். அவன் மட்டும் நகைக்கவில்லை. அன்று மாலை அவன் என்னிடம் கூறியது இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது: "நீ உன் தாத்தாவைக் கேலி செய்ததாக நினைத்தாய். அவர்கள் உன் தாத்தாவிடம் பாடம் கேட்டார்கள். உன் நாடகத்தில் எனக்குக் கைகட்டி நிற்கும் வேலையைத் தவிர, ஒரு வார்த்தையாவது எழுதி வைத்தாயா?"

எழுதி வைக்கவில்லை என்பதே உண்மை. நான் கிழவர்க்கு நாற்பது வரி எழுதினேன். அவனுக்கு ஒரு வரியும் எழுதவில்லை. என் நோக்கம் நல்லதே. ஆனால் அரங்கில் இருந்தவர்க்குக் கிடைத்தது என் நோக்கம் அன்று. நான் எழுதிய நாற்பது வரிகளே.

அத்தோழன் கேட்ட வினாவை எடுத்துக்கொண்டு பங்கர் வீட்டுக்கு மீள்வோம். அங்கே லயனல் என்னும் கறுப்பின இளைஞன் அண்டை வீட்டான், மின்பொறியியல் பயில்பவன். 'நீ என்னவாகப் போகின்றாய்?' என ஆர்ச்சி தன்னை வினவுவதையும், ஆர்ச்சி கேட்க விரும்பும் கொச்சை மொழியிலேயே தான் வேண்டுமென்று விடை கூறுவதையும் அவன் முதற்பகுதியிலேயே மைக்கேலிடம் எடுத்துக் கூறுகின்றான். தான் எள்ளுவதாக ஆர்ச்சி எண்ண, எள்ளப்படுபவன் ஆர்ச்சியே என்பது அவ்விடத்து எவர்க்கும் விளங்கும். பின்னர் லயனலின் தாய் லூயிஸும், ஆர்ச்சிக்கு எவ்வகையானும் தாழாத செருக்குடைய தந்தை ஜார்ஜும் கதையில் இடம்பெற்றனர். 1975-இல் 'த ஜெஃபர்சன்ஸ்' என்னும் தனித்தொடரே அக்குடும்பத்தின் பெயரால் தோன்றிப் பத்தாண்டு நடைபெற்றது. எள்ளப்பட்டார்க்கு விடை கூறும் வாயும், திருப்பி நகைக்கும் உரிமையும் இங்கே உண்டு. லயனல் வரும் காட்சியில் ஆர்ச்சியோடு சேர்ந்து நகைத்தல் தப்பெண்ணம் மிக்கார்க்கும் அரிது. அவன் வாராத காட்சிகளிலோ, வசை பெறுவோர் அவ்விடத்தில் இல்லாதவர். அவர்க்காக வாதிடுபவன் மைக்கேல் என்னும் வெள்ளை இளைஞன். ஆண்டுதோறும் பல பகுதிகள் எழுதப்பெற்ற தொடரில் இத்தகைய காட்சிகள் பலவாதலின், ஹாப்சன் அம்மையாரின் அச்சம் வீணன்று என்பேன்.

அவ்வாறாயின் லியர் கூற்றுப் பொய்யோ எனின், அதுவும் அன்று. 1978 பிப்ரவரியில் வெளிவந்த ஒரு பகுதியில் ஆர்ச்சியும் மைக்கேலும் ஒரு பண்டகவறையிற் பூட்டப்பட்டு இரவு முழுதும் அடைபட்டுக் கிடக்கின்றனர். குடிமயக்கத்தில் ஆர்ச்சி தன் இளமையைக் கூறுகின்றான். வறுமையால் ஒரு காலிற் செருப்பும் ஒரு காலில் வேறுவகை மிதியடியும் அணிந்து பள்ளி சென்று பிறரால் எள்ளப்பட்ட சிறுவன் அவன். கறுப்பின மக்களை இழிசொல்லால் அழைக்கக் கற்பித்தவர் தந்தை. 'உன் தந்தை தவறினார்' என மைக்கேல் கூற, உழைத்துச் சோறிட்டவரும், கைபிடித்து நடத்தியவரும், தன்மேல் அன்புடையவருமாகிய தந்தை எவ்வாறு தவறுவார் என்று ஆர்ச்சி வினவுகின்றான். அவ்விடத்து நகை அடங்கிவிடுகின்றது.

மடன் என்பதற்கு, பிறர் கற்பித்ததைப் பற்றிக்கொண்டு பற்றியதை விடாதிருத்தல் என்று உரைகாரர் பொருள் கூறுவர். அப்பொருளை நான் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அதன் ஆழத்தை அக்காட்சியிலேதான் உணர்ந்தேன். வெறுப்பு நம்முள் வெறுப்பாய் நுழைவதில்லை. அன்புடையார் ஊட்டும் சோற்றோடு சோறாய் நுழைகின்றது. பாட்டனாரின் இழிசொல்லைத் துப்பிவிட வேண்டுமெனில், அவர் ஊட்டிய சோற்றையும் துப்புவது போலத் தோன்றுகின்றது. ஆதலினாற்றான் விடுதல் அரிது. இதனைக் காட்டியவரையில் லியர் கூற்று மெய்யே. வெறுப்பாளனைக் கொடியனாகவே காட்டும் நாடகம் இவ்வுண்மையைத் தொடமாட்டாது.

ஆகவே, ஹாப்சன் காண்போரைப்பற்றி அஞ்சியதும் சரி. லியர் ஆர்ச்சியைப்பற்றி அறிந்ததும் சரி. இருவர் வாதமும் ஆர்ச்சி அன்புக்குரியவனா அல்லனா என்பதிலேயே சுழன்றது. எள்ளப்படுபவன் மேடையில் எங்கே நிற்கின்றான், அவனுக்கு எத்தனை வரி உண்டு என்பதே இருவரினும் முன்னே கேட்கப்பட வேண்டிய வினா. விட்னி யங் போன்றார் அவ்வினாவை நெஞ்சிற்கொண்டே சினந்தனர் எனக் கருதுகின்றேன். அச்சினத்தைச் சுவையறியாமை எனத் தள்ளுவோர், என் தோழனை உணவுக்கூடத்தில் நகைக்கவில்லையே எனக் குறைகூறியவரோடு ஒப்பர்.

இதனால் நகைநாடகம் வெறுப்பைத் தொடலாகாது என்று கூறினேனல்லேன். தொடாதிருந்த பழைய தொடர்களின் தூய்மை பொய்த்தூய்மை என்பதை மேலே கண்டோம். தடைசெய்தலும் தீர்வன்று. நடுவராவோர் செய்யத்தக்கது இதுவே: முதலிரவிலேயே முழுத்தீர்ப்புக் கூறாது, அன்று புலப்பட்டதை மட்டும் கூறுக. நாடகத்தை நோக்கிய பின் அரங்கையும் திரும்பி நோக்குக. எவர் நகைக்கின்றனர், எவர் நகைக்கவில்லை எனக் காண்க. நகையாதவரை அணுகி வினவுக. எல்லாவற்றுக்கும் மேலாக, தாம் நகைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அவ்விடத்து எப்பக்கத்தில் நின்று நகைத்தோம் எனத் தம் நெஞ்சைத் தாமே உசாவுக. நெஞ்சறிய வந்த விடை பிடிக்காததாயின், அதனை எழுதுதலே சிறந்த மதிப்புரையாகும்.

ஆர்ச்சி அமர்ந்த பழைய நாற்காலியும் ஈடித் அமர்ந்த நாற்காலியும் 1978-இல் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு வழங்கப்பெற்று, நாட்டின் வரலாற்றுப் பொருள்களோடு பொருளாய்ப் போற்றப்படுகின்றன. வீட்டில் வேறெவரும் அமரக்கூடாதென ஆர்ச்சி அதட்டிக் காத்த நாற்காலி அது. என் பாட்டனாரின் தனிக்குவளையை எந்த அருங்காட்சியகமும் கேட்கவில்லை. அவர் மறைந்தபின் அது பின்முற்றத்திலேயே கிடந்தது. கடந்த விடுமுறையில் நானே எடுத்து ஈயப்பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டேன். சொல்லை அவ்வாறு போடுதல் எளிதன்று.

இவ்வாண்டு விடுதி நாளுக்கும் நகைநாடகம் ஒன்று எழுதித் தருமாறு தோழர் சிலர் என்னைக் கேட்டுள்ளனர். எழுதுவதாக இசைந்துள்ளேன். கிழவர் இம்முறையும் வருவார். ஆனால் தூணருகே நிற்பவனுக்கு உரிய வரிகளையே முதலில் எழுதத் தொடங்கியிருக்கின்றேன். அவற்றை என் பழைய அறைத்தோழனுக்கு அனுப்பி, அவன் எங்கே நகைக்கின்றான் என அறிந்த பின்னரே கிழவர்க்கு வாய் கொடுப்பதாக எண்ணம்.